ஆற்றங்கரை நடையை ஓவியமாக்குவது: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்தில் இருந்துகொண்டு ஓவியம் பழக நினைப்பவருக்குப் பெரிய சிரமம், கேட்பதற்கு ஆள் இல்லாததுதான். இணையத்தில் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு புகைப்படத்தை எதிரில் வைத்து அதைப் பார்த்து வரையச் சொல்லித் தருகின்றன. எனக்கு வேண்டியிருந்தது வேறு. காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையோரம் விடியற்காலையில் நடந்துவிட்டு வந்தால் அந்த வாசனையும் ஈரமும் சத்தமும் மதியம் வரை உடம்பில் நிற்கும். நிற்பதை அப்படியே கேன்வாஸில் கொண்டுவர வேண்டும். அதற்கு என்னென்ன வாங்குவது, எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் ஃப்ரேம் கடைக்காரர், பள்ளி ஓவிய ஆசிரியர், அனுபவப்பட்ட ஓவியர்கள் எனப் பலரிடம் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் சேர்த்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இங்கே சொல்வது 16×20 அங்குல அக்ரிலிக் (தண்ணீரில் கலந்து பூசலாம், காய்ந்தால் கரையாத வண்ணம்) ஓவியம் ஒன்றுக்கான கணக்கு. சாமானும் ஃப்ரேமும் சேர்த்து மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

1. கரையை முடிவு செய்யுங்கள்

பக்கத்தில் இருக்கும் கரையே நல்ல கரை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும் என்பதால் தூரம் முக்கியம்.

ஊரும் ஆறும் ஒட்டியிருக்கும் நடை வேண்டுமென்றால் காவேரிப்பட்டணம். துணி துவைக்கும் சத்தம், தூரத்து நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல், எண்ணெய்ச் சட்டியில் வேகும் நிப்பட்டு வாசனை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போவதானால் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மீன் வறுக்கும் வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அதை மட்டுமே வரையப் போகிறீர்கள் என்றால் ஞாயிறே சரி.

ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி இருக்கிறது. பெங்களூரு பக்கத்திலிருந்து வரும் கழிவால் அங்கே சில நேரம் நுரை பொங்கும், நாற்றமும் இருக்கும். அந்தத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், கை நனைக்காதீர்கள். ஆனால் வரையத் தகாத இடம் என்று ஒதுக்கவும் வேண்டாம். நாற்றமும் ஓர் ஆற்றின் செய்திதான். அதை விட்டுவிட்டு நீல ஆறு வரைந்தால் நாம் நடந்த ஆறு அங்கே இருக்காது.

ஒகேனக்கல் எல்லோருக்கும் ஆசையான இடம். அருவி இரைச்சல், மசாஜ் எண்ணெய், மீன் குழம்பு, பரிசல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். முதல் ஓவியத்துக்கு அது அதிகம். இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை: ஒகேனக்கல் சுற்றுவட்டாரக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். சாலையையும் சுற்றுலாப் பகுதியையும் விட்டு உள்ளே இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டமும் உண்டு. அணைகளில் மதகுப் பக்கம் உட்கார்ந்து வரைய நினைத்தால் முதலில் அங்கிருக்கும் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள். தண்ணீர் திறப்பு அறிவிப்பு வந்த நாளில் ஆற்றுப் படுகையில் இறங்கவே கூடாது.

2. மாதமும் நேரமும்

தென்பெண்ணை ஆண்டு முழுக்க ஒரே மாதிரி ஓடும் ஆறு இல்லை. கோடையில் பல இடங்களில் குட்டை குட்டையாக நிற்கும், சில இடங்களில் மணலும் பாறையும் மட்டும் தெரியும். மழைக்காலம் ஓய்ந்த பிறகு, கார்த்திகை தொடங்கித் தை வரை, நீரும் இருக்கும், குளிரும் இருக்கும், காலை மூட்டமும் இருக்கும். தை மாசியில் மாம்பூ வாசனை சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் நடந்தால் மாங்கூழ் ஆலைகளிலிருந்து வரும் புளித்த இனிப்பு நெடி காற்றில் இருக்கும். இந்த மாவட்டத்துக்காரருக்குக் கண்ணை மூடினாலும் மாதம் தெரிந்துவிடும் வாசனை அது. ஆடிப்பெருக்கு அன்று இருமத்தூர், அனுமன்தீர்த்தம் கரைகளில் மஞ்சள், கற்பூரம், ஈரத்துணி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். கூட்டத்தில் நடக்க முடிந்தால் போய்வாருங்கள்.

நேரம் என்றால் சூரியன் எழுவதற்கு முன் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது காதும் மூக்கும் கூடுதலாக வேலை செய்யும்.

3. கண்ணைக் கடைசியில் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். போன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். படம் எடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து அதைத்தான் பார்ப்போம். பார்த்ததும் பாலத்துத் தூண், மின்கம்பம், அக்கரை வீட்டு நிறம் எல்லாம் சரியாக வர வேண்டும் என்று கை அடம்பிடிக்கும். படத்தில் வாசனை இருக்காது. கால் விரலிடுக்கில் புகுந்த ஈர மணல் இருக்காது. கடைசியில் புகைப்படத்தின் நகல் ஒன்று மிஞ்சும்.

நடக்கும்போதே குறிப்பு எழுதவும் வேண்டாம். வீடு திரும்பி அரை மணி நேரத்துக்குள், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், ஒரு நாற்பது பக்க நோட்டில் இந்த வரிசையில் எழுதுங்கள்: மூக்கு, காது, தோல், நாக்கு, கடைசியில் கண். கண்ணை முதலில் எழுதவிட்டால் மற்ற நான்கும் பேசாது. மூக்கை முதலில் வைப்பதற்கும் காரணம் உண்டு. வாசனையை வாங்கும் நரம்புப் பாதை, மூளையில் நினைவும் உணர்ச்சியும் வேலை செய்யும் பகுதிகளோடு நேரடியாக இணைந்தது. ஒரு வாசனையைச் சரியாக எழுதிவிட்டால் அந்த இடத்தின் மற்றவை தானாக வரும்.

‘நல்ல வாசனை’, ‘இனிமையான ஒலி’ என்று எழுதினால் பிறகு வரைய ஒன்றும் கிடைக்காது. ‘சேறு, அதற்குள் சோப்பு, அதற்கு மேல் சூடான எண்ணெய்’ என்று அடுக்கு அடுக்காக எழுதுங்கள். ‘மணல் மேலே காய்ந்திருக்கிறது, குதிகால் அமுங்கினால் உள்ளே சில்லென்று இருக்கிறது’ என்பது வரையக்கூடிய குறிப்பு.

சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்துகொள்ளலாம். எழுதி முடித்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும்.

ஒரே கரையில் மூன்று நான்கு காலைகள் நடந்து, ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். எல்லா நாளும் திரும்பி வருவது எது, ஒரு நாள் மட்டும் வந்தது எது என்று பிரித்துப் பாருங்கள். திரும்பி வருவது ஓவியத்தின் அடித்தளம். ஒரு நாள் மட்டும் வந்தது அதன் மேல் விழும் ஒற்றைக் குறி.

4. ஒரு வாரம் நோட்டைத் தொடாதீர்கள்

இந்த வாரத்தில் சாமான் வாங்கும் வேலையைப் பாருங்கள். வாரம் கழித்து, நோட்டைத் திறக்காமலே, நினைவிலிருந்து எதுவெல்லாம் வருகிறது என்று புதுத்தாளில் எழுதிப் பாருங்கள். பத்து விஷயம் எழுதியிருந்தால் மூன்றோ நான்கோ மிஞ்சும். அவைதான் உங்கள் ஓவியம். மீதியை நோட்டிலேயே விட்டுவிடலாம்.

5. சாமானும் செலவும்

விலை பிராண்டுக்கும் கடைக்கும் ஏற்ப மாறும். பட்ஜெட் போட உதவும் அளவுக்குச் சொல்கிறேன்.

கேன்வாஸ்: மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய 16×20 அங்குலம், ரூ.400 முதல் 600. சட்டத்தின் நான்கு மூலையையும் ஒரு சமதரையில் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள், பிறகு ஃப்ரேமில் உட்காராது. துணி தொய்ந்திருந்தால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் இறுகும்.

வண்ணம்: பெரிய செட் வேண்டாம். டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ரமரின் நீலம், ஏதாவது ஒரு சிவப்பு. இந்த ஐந்து போதும். அல்ட்ரமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் விடியற்காலை ஆற்றின் சாம்பல் நிறம் அத்தனையும் கிடைக்கும். கறுப்பு வாங்கவே வேண்டாம். வெள்ளை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். ஐந்துக்கும் சேர்த்து ரூ.700 முதல் 1,000.

ஜெசோவும் (கேன்வாஸில் வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) அக்ரிலிக் மீடியமும் (வண்ணத்தை மெல்லிசாக்கக் கலக்கும் நிறமில்லாத பசை): சிறிய பாட்டில்களாக ரூ.500 முதல் 700.

தூரிகை: ஒன்றரை அங்குலத் தட்டை ஒன்று, அரை அங்குலத் தட்டை ஒன்று, உருண்டை ஒன்று, ஒரு பேலட் கத்தி (வண்ணத்தைக் கலக்கவும் தடவவும் உதவும் மழுங்கிய கத்தி). ரூ.350 முதல் 500.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது போஸ்டர் கலர். அது காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், அடுக்கு மேல் அடுக்கு போட முடியாது. டியூபில் ‘அக்ரிலிக்’ என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். நிறத்தின் பெயரோடு ‘ஹியூ’ என்று சேர்த்திருந்தால், அது பெயரில் சொன்ன அசல் நிறமி இல்லாமல் வேறு நிறமிகளால் அந்தச் சாயலைக் கொண்டுவந்தது. பழகுவதற்குப் போதும், ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள். ஜெசோவும் மீடியமும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கும் தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும் வேறு வேலையாகப் போகும்போது சேர்த்து வாங்கினால் தனிப் பயணச் செலவு மிச்சம்.

மணல்: கேன்வாஸின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க ஒரு கைப்பிடி போதும். அனுமதியில்லாமல் ஆற்று மணல் அள்ளுவது குற்றம், அதனால் ஆற்றில் பை நிரப்ப வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு டம்ளர் தருவார்கள். தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொசுவலைத் துண்டில் சலியுங்கள். மண்ணும் உப்பும் இருந்தால் வண்ணம் பிடிக்காமல் பின்னாளில் உதிரும்.

6. தீப்பெட்டி அளவில் வரைந்து பாருங்கள்

மிஞ்சிய மூன்று நான்கு நினைவுகளை வைத்து, சாதாரணத் தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் ஆறோ எட்டோ போட்டு, பென்சிலால் கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் நிரப்புங்கள். பொருள்களை வரைய வேண்டாம். எங்கே கனம், எங்கே வெறுமை என்பது மட்டும் போதும். ஒரு மாலையில் முடியும் வேலை இது. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் கேன்வாஸின் பாதியில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

7. அடிப்பூச்சு

கடையில் வாங்கும் கேன்வாஸில் பெரும்பாலும் ஜெசோ பூசியே இருக்கும். இருந்தாலும் மேலே ஒரு பூச்சு கொடுங்கள். காய்ந்ததும், கீழ் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் மீடியத்தில் மணல் கலந்து கத்தியால் இழுங்கள். கீழே மட்டும் ஏன் என்றால், மணலின் நினைவு காலில் இருந்து வருகிறது. பார்ப்பவரின் கண்ணும் அந்த உயரத்தில்தான் அதைச் சந்திக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகு, பர்ன்ட் சியன்னாவை மீடியத்தோடு கலந்து மெல்லிசாக முழுப் பரப்பிலும் பூசுங்கள். வெள்ளைப் பரப்பு நேரடியாகத் தெரிந்தால் நம் ஊர் வெளிச்சம் வராது.

8. வாசனையையும் சத்தத்தையும் வண்ணமாக்குவது

இதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அது ஓரிடத்தில் நின்றதா, பரவியதா? திடீரென்று வந்ததா, எப்போதும் இருந்ததா? அருகிலா, தூரத்திலா? விடை கிடைத்தால் கையின் அசைவும் கிடைத்துவிடும்.

நெடுஞ்சாலை இரைச்சல் எப்போதும் இருப்பது. அதை முதலில், அகலத் தூரிகையால், கிடைமட்டமாக, மங்கிய சாம்பலில் போட்டுவிட்டேன். பிறகு வரும் எல்லா அடுக்குகளுக்கும் நடுவில் அது எட்டிப்பார்க்க வேண்டும் என்பதற்காக இடைவெளி விட்டேன்.

துணி துவைக்கும் சத்தம் வேறு வகை. அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பது கண்ணுக்கு முதலில் தெரியும். சத்தம் ஒரு நொடியின் சிறு பகுதி கழித்துத்தான் வந்து சேரும், காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும் என்பதால். அந்தச் சின்னத் தாமதம்தான் எனக்கு ஆற்றின் அகலம். அதனால் துவைக்கும் ஆள் இருக்கும் இடத்தை ஒரு மெல்லிய கறையாக விட்டுவிட்டு, கத்தியால் எடுத்த கெட்டி வெள்ளையை அதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தேன். ஆற்றின் அகலத்தை அளந்து வரைந்தாலும் வராத தூரம் இதில் வந்தது.

மாங்கூழ் நெடியை வரையும்போது கை மஞ்சளுக்குப் போகும். போகவிடாதீர்கள். மஞ்சள் மாம்பழத்தின் நிறம், அந்த நெடியின் நிறம் இல்லை. காற்றில் வருவது சூடும் புளிப்பும். யெல்லோ ஓக்கரில் துளி சிவப்பும் சாம்பலும் கலந்து, மீடியம் நிறையச் சேர்த்து, கண்ணாடித் தாள் விரித்தது மாதிரி ஓவியம் முழுக்க ஒரு மெல்லிய படலமாகப் பூசுங்கள். வாசனை ஓரிடத்தில் நிற்காததால் படலமும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது.

குளிர்ச்சிக்கு நீலம் என்று பழக்கத்தில் போய்விடாதீர்கள். சூடான நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பலே குளிரும்.

வேலை செய்யும்போது தெரிந்திருக்க வேண்டியவை: அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் அடர்ந்துவிடும், அதனால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் வெளிறியே இருக்கட்டும். வண்ணத்தை நீர்க்கவைக்கத் தண்ணீரை அதிகம் ஊற்றினால் பிடிமானம் போய்விடும், மெல்லிசாக வேண்டும் என்றால் மீடியம் சேருங்கள். சித்திரை, வைகாசியில் தட்டில் வைத்த வண்ணம் சில நிமிடத்தில் தோலாகிவிடும். தட்டில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணத்தை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை ஒன்பதுக்குள் வேலையை முடியுங்கள். அக்ரிலிக்கின் மேல் ஆயில் வண்ணம் போடலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் போடக் கூடாது.

தூரிகை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது போய்ச் சேருமிடம் நாம் நடந்த ஆறுதான். பழைய பக்கெட்டில் ஓரிரு நாள் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

9. எங்கே நிறுத்துவது

ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு மூன்று நாள் வையுங்கள். திருப்பிப் பார்க்கும் முதல் கணத்தில் எந்த நினைவு முதலில் வருகிறது என்று கவனியுங்கள். மிஞ்சியவை என்று எழுதி வைத்தவற்றில் ஒன்று வந்தால் முடிந்தது. ‘பாலம் சரியாக வரவில்லையே’ என்று தோன்றினால் பாலத்தைத் திருத்தாதீர்கள், அழித்துவிடுங்கள்.

10. வார்னிஷ், ஃப்ரேம்

மெல்லிய இடங்கள் சீக்கிரம் காயும், கத்தியால் வைத்த கெட்டி இடங்களுக்கு ஓரிரு வாரம் விடுங்கள். பிறகு மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. பளபளப்பான வார்னிஷ் போட்டால் மணல் பரப்பு பிளாஸ்டிக் மாதிரி தெரியும்.

ஃப்ரேம் கடையில் அடிக்கணக்கில்தான் விலை. 16×20 அங்குலத்துக்குச் சுற்றளவு 72 அங்குலம், அதாவது 6 அடி. மூலை வெட்டும் சேதாரத்தோடு ஏழு அடிக்கு பில் போடுவார்கள், அது நியாயம்தான். சட்டத்தைப் பொறுத்து அடிக்கு ரூ.100 முதல் 200. பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “அண்ணா, கண்ணாடி வேண்டாம்.” சாமி படம், கல்யாண போட்டோ என்று பழகிய கை கேட்காமலே கண்ணாடி போட்டுவிடும். அக்ரிலிக் கேன்வாஸுக்குக் கண்ணாடி தேவையில்லை. போட்டால் மேற்பரப்பு அதில் ஒட்டிக்கொள்ளும், மணலும் தெரியாது.

11. வெளியே அனுப்ப வேண்டிய காகிதங்கள்

கண்காட்சிக்கோ போட்டிக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் ஃப்ரேம் போடுவதற்கு முன்பே நிழலான பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் கேட்பவை: ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், உங்களைப் பற்றி ஒரு பக்கம், ஓவியத்தின் தலைப்பு, சென்டிமீட்டரில் அளவு (16×20 அங்குலம் என்பது ஏறக்குறைய 41×51), ஊடகம் (எந்த வண்ணம், எதன் மேல் என்பது), வரைந்த ஆண்டு, விலை, சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழி. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை, சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமி மண்டல மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்கள். விதிகளில் போக்குவரத்துச் செலவு யாருடையது, திருப்பி எடுக்கக் கடைசித் தேதி எது என்ற இரண்டு வரிகளையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேன்வாஸின் பின்பக்கம் பெயர், தலைப்பு, ஆண்டு, எந்தப் பக்கம் மேலே என்ற அம்புக்குறி நான்கும் இருக்க வேண்டும். பார்சல் கட்டும்போது பபிள் ஷீட்டை நேராக வண்ணத்தின் மேல் சுற்றாதீர்கள், வெயிலில் லாரி நின்றால் குமிழ் அச்சு ஓவியத்தில் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அடுத்து அட்டை, அதன் மேல் பபிள்.

பதிப்புரிமை வரைந்தவுடனே உங்களுடையதாகிவிடும், பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்ய விரும்பினால் ஆன்லைனில் செய்யலாம், ஓர் ஓவியத்துக்குக் கட்டணம் ரூ.500. விண்ணப்பித்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்கும் காலம் உண்டு. ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை தானாகப் போய்விடாது, எழுதிக் கொடுத்தால்தான் போகும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, ‘எங்கள் ஹோட்டல் வரவேற்பறைக்கு இந்த ஆற்றங்கரையை வரைந்து கொடுங்கள்’ என்று கேட்டு நீங்கள் வரைந்தால் கதை வேறு. மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டப்படி முதல் உரிமையாளர் அவர்தான். காலண்டரிலும் பையிலும் அச்சடிக்க உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அப்படி வேலை வந்தால், முன்பணம் வாங்குவதற்கு முன்பே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.